யார் விரலில் சோதித்தார்கள்?

(இணையவழி இலக்கியக் கூட்டமொன்றில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே இங்கிலாந்தில் மத்தியானம் 2 மணி. டொராண்டோக்காரர்கள் காலைக் காபியோடு உட்கார்ந்திருப்பீர்கள். சிட்னியிலிருந்து இரண்டு பேர் நள்ளிரவில் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருப்பதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அவர்களுக்காகவாவது நான் சுவாரஸ்யமாகப் பேச வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அறிவியலாளர்களின் அறப்பொறுப்பு. நான் அறிவியலாளர் இல்லை. நாகர்கோவில் பக்கத்தில் டிப்ளமா நர்சிங் படித்தவள். 20 வருடத்துக்கு மேல் வார்டில் நிற்கிறேன், நடுநடுவே கதை எழுதுகிறேன். அப்படியானால் எதற்கு என்னைக் கூப்பிட்டார்கள் என்று யோசித்தபோது ஒன்று தோன்றியது. எங்கோ ஒருவர் ஆய்வகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற பொருளை, இன்னொரு மனிதருடைய உடம்பில் கொண்டுபோய் மாட்டுகிற கை என்னுடையது. மருந்தோ ஊசியோ கருவியோ, கடைசியாக அது எங்கள் கை வழியாகத்தான் போகிறது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் இந்த விஷயம் கொஞ்சம் வேறுமாதிரித் தெரியும்.

இந்தத் தலைப்பில் பேசும் யாரும் அணுகுண்டில்தான் தொடங்குவார்கள். 2023இல் வந்த ஓப்பன்ஹைமர் படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜோசப் ராட்பிளாட் என்று ஒருவர், ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும் 1944 கடைசியில் லாஸ் அலமோஸை விட்டு வெளியேறினார். பிற்பாடு, 1995இல், அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது.

ஆயுதம் செய்தவர்களில் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறவர் கலாஷ்னிகோவ். ஏகே 47 துப்பாக்கியை வடிவமைத்தவர். 2013 டிசம்பரில், 94 வயதில் இறந்தார். இறப்பதற்கு முன்னால் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தன் துப்பாக்கி மனிதர்களின் உயிரைப் பறித்ததால், செத்தவர்கள் எதிரிகளாகவே இருந்தாலும், அந்தச் சாவுகளுக்கு விசுவாசியான தான் குற்றவாளியா என்று அதில் கேட்டிருந்தார். தாய்நாட்டைக் காக்கிற ஆயுதம் என்றால் அதைச் செய்தவரையும் ஏந்துகிற வீரனையும் சபை ஆதரிக்கும் என்று திருச்சபையின் செய்தித் தொடர்பாளர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. நானும் கிறிஸ்தவள்தான். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த ஒரு கிழவரிடம் இவ்வளவு அவசரமாக ஆறுதல் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. கேள்வியோடு அவரைக் கொஞ்ச நேரம் இருக்க விட்டிருக்கலாம்.

ஆனால் ஆயுதம் பற்றிய கேள்வி ஒருவகையில் சுலபமானது. துப்பாக்கி எதற்கு என்று துப்பாக்கி செய்கிறவருக்குத் தெரியும். உயிர் காப்பதற்காகவே, நல்ல மனதோடு செய்த ஒரு பொருள் சிலரைக் காப்பாற்றி, சிலரைக் கைவிட்டால் என்ன செய்வது? யார் பொறுப்பு? அதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். தெரிகிறதா? பல்ஸ் ஆக்ஸிமீட்டர். துணி மாட்டுகிற கிளிப் மாதிரி இருக்கும். கோவிட்டுக்கு முன்னால் இது ஆஸ்பத்திரிப் பொருள். 2021இல் ஊரில் இரண்டாவது அலை அடித்தபோது மெடிக்கல் ஷாப்களில் கிடைக்காமல் ஆளாய்ப் பறந்தார்கள். அதுவரை பிபி, சுகர் மட்டும் தெரிந்திருந்த என் அம்மா ஒரு நாள் போனில் எடுத்த எடுப்பில் "எனக்கு 96, அப்பாக்கு 94" என்றார். நலம் விசாரிப்பதே எண்களாக மாறிப்போன காலம் அது.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வெளிச்சம் விரலுக்குள் போகிறது. ஒன்று நம் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு வெளிச்சத்தை விட்டுவிடும், அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் அதற்கு நேர்மாறு. மறுபக்கம் வந்து சேர்கிற இரண்டு வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்று கருவி சொல்கிறது. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க வேண்டாம், வலியே இல்லை.

ஆனால் விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு எல்லாம் வெளிச்சத்தை விழுங்கும். அதிலிருந்து தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? இதைத் தீர்த்தவர் டகுவோ அவோயாகி. ஜப்பானில் நிஹோன் கோடென் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொறியாளர். 1970களின் தொடக்கத்தில் அவர் வேறொன்றைத்தான் செய்துகொண்டிருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதில் வெளிச்சம் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். ஒவ்வொரு நாடித்துடிப்பும் அவருடைய வரைகோட்டை ஆட்டிவிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொந்தரவை ஒழிக்கத்தான் இரண்டு வெளிச்சங்களை வைத்துக் கணக்குப் போட்டார். போடும்போதுதான் புரிந்திருக்கிறது: துடிக்கிறது தமனி ரத்தம் மட்டும்தான். தோலும் எலும்பும் துடிப்பதில்லை. எனவே ஆடுகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். தொந்தரவுதான் விடை. 1974இல் இதை ஒரு மாநாட்டில் சொன்னார், நிறுவனம் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தது. பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் எடுத்துப் பரப்பிய பிறகு, ஆபரேஷன் தியேட்டரில் இது இல்லாமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. மயக்கத்தில் இருக்கிறவருக்கு ஆக்ஸிஜன் குறைவதை உதடு நீலமாவதை வைத்துக் கண்டுபிடித்த காலம் முடிந்தது.

இந்தக் கருவியால் பிழைத்தவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் இதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. வெளிச்சத்தின் விகிதம் இவ்வளவு என்றால் ஆக்ஸிஜன் 95 என்று கருவிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அது தியரியிலிருந்து நேராக வருகிற எண் இல்லை. மனிதர்களை வைத்து எடுத்த எண். ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்க வைத்து, ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக 70 வரைக்கும் இறக்குவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து உண்மையான அளவைப் பார்ப்பார்கள். கருவியின் வெளிச்ச விகிதத்தையும் அந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை தயாராகும். அந்த அட்டவணைதான் ஒவ்வொரு கருவிக்குள்ளும் இருக்கிறது. நம் விரலை மாட்டும்போது, முன்பின் தெரியாத அந்தத் தன்னார்வலர்களின் விரல்களோடு நம் விரல் ஒப்பிடப்படுகிறது.

அந்த விரல்கள் என்ன நிறம்?

பெரும்பாலும் வெளுத்த விரல்கள். அமெரிக்க மருந்து, உணவு நிர்வாகமான எஃப்டிஏ 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். குறைந்தது 10 பேரிடம் சோதிக்க வேண்டும், அவர்களில் குறைந்தது 2 பேர், அல்லது 15 சதவீதம், கறுத்த தோல் உடையவர்களாக இருக்க வேண்டும். இரண்டு பேர்! உலகத்தில் எத்தனை கோடிப் பேர் நம்மைப்போலக் கறுப்பும் மாநிறமுமாக இருக்கிறோம், எல்லோருக்கும் பிரதிநிதியாக இரண்டு பேர். அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தோலின் கறுப்புக்குக் காரணமான மெலனினும் வெளிச்சத்தை விழுங்கும். அதனால் கறுத்த தோலில் இந்தக் கருவி, சராசரியாக, உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு இருக்கிறது. கவனியுங்கள், கூடுதலாக. குறைத்துக் காட்டினால் தேவையில்லாமல் ஆக்ஸிஜன் வைப்போம், அவ்வளவுதான். கூட்டிக் காட்டினால், தேவைப்படுகிறவருக்கு வைக்காமல் இருப்போம்.

இது நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. 1990லேயே அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரண்டு மருத்துவர்கள் சிகாகோ பக்கத்தில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளை வைத்துப் பார்த்து எழுதினார்கள். வெள்ளையருக்குக் கருவியில் 92 இருந்தால் நம்பலாம், கறுப்பினத்தவருக்கு 95 இருந்தால்தான் நம்பலாம் என்று. இந்த டோபின் பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதா? ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலை வழக்கில், 2021இல், அவர் எப்படி மூச்சுத் திணறி இறந்தார் என்று நீதிமன்றத்தில் பொறுமையாக விளக்கினாரே ஒரு நுரையீரல் மருத்துவர், அவரேதான். கறுப்பினத்தவரின் மூச்சைப் பற்றி 31 வருட இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு முறை சாட்சி சொன்னார். இரண்டாவது முறைதான் உலகம் கேட்டது. முதல் முறை சொன்னது ஒரு மருத்துவ இதழில் அச்சாகி அடங்கிவிட்டது. 2005இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்களும் இதையே சொன்னார்கள். அதுவும் அடங்கிப்போனது.

இன்னொன்றும் உண்டு. அவோயாகியின் யோசனை பரவுவதற்கு முன்னால், 1970களில், ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் காதில் மாட்டுகிற ஒரு கருவி செய்தது. இரண்டு வெளிச்சத்துக்குப் பதிலாக எட்டு. கறுப்பினத் தன்னார்வலர்களையும் தேடிப்பிடித்துச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் கருவி பெரியது, விலையும் அதிகம். கிளிப் வந்ததும் அது ஓரமாகிவிட்டது. நிறத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அந்தக் காலத்திலேயே முயன்றிருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன். தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல வழியில்லை.

வார்டில் இது எப்படி இருக்கும் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், எழுபது தாண்டியவர், நிமோனியாவோடு வந்திருந்தார். நல்ல கறுப்பு, என்னைவிடவும். வார்டில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைக் கண்டால் அவருக்கு ஒரு நிம்மதி. ராத்திரி ட்யூட்டியில் நான் போனபோது மெஷின் 95 காட்டிக்கொண்டிருந்தது. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, எனக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு" என்றார். "கொஞ்சம் நிமிந்து இருங்கய்யா" என்று தலையணையை ஏற்றிவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். 28.

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் நியூஸ் 2 என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவோம். கூட்டுத்தொகை ஏறினால் மருத்துவர் ஓடி வர வேண்டும். அதில் ஆக்ஸிஜன் 96ம் அதற்கு மேலும் என்றால் புள்ளி 0. 94, 95 என்றால் 1. 92, 93 என்றால் 2. 91க்குக் கீழே போனாலும் 91ஆக இருந்தாலும் 3. ஆக, கருவி மூன்று நான்கு எண் கூட்டிக் காட்டினால் புள்ளிகள் காணாமல் போகும். புள்ளி போனால் மருத்துவரின் வருகை தள்ளிப்போகும். ஐயாவுக்கு ஆக்ஸிஜனுக்கு 1 புள்ளி. மூச்சு 25ஐத் தாண்டினாலே 3. மூச்சைச் சரியாக எண்ணியதால்தான் கூட்டுத்தொகை ஏறியது. நான் அந்த இளம் டாக்டரை அழைத்து, தமனி ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மணிக்கட்டில் குத்த வேண்டும், வலிக்கும், அதனால் தயங்குவார்கள். அவர் தயங்காமல் எடுத்தார். 89 வந்தது.

ஐயா பிழைத்துக்கொண்டார். இதை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. கை சில்லிட்டிருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும், ஒரு ஆளை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆனால் இப்படி ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு நர்ஸும் ஒன்றிரண்டு பார்த்திருப்பாள். "மெஷின் நல்லாத்தான் காட்டுது, ஆள் நல்லா இல்ல" என்று ஷிஃப்ட் மாறும்போது சொல்லிக்கொள்வோம். அதைக் கேட்டு யார் எழுதி வைத்தார்கள்?

எழுதி வைத்தது கடைசியில் யார் தெரியுமா? மருத்துவரும் இல்லை, பொறியாளரும் இல்லை. ஏமி மோரன் தாமஸ் என்ற மானுடவியலாளர், எம்ஐடியில் பேராசிரியர். அவருடைய கணவர் கோவிட்டோடு வீட்டில் கிடந்தபோது இந்தக் கருவியை வாங்கியிருக்கிறார். விரலுக்குள் போகும் வெளிச்சத்தைப் பார்த்ததும் நிறத்தைப் பற்றி ஒரு சந்தேகம். பழைய ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தார். 1990, 2005 எல்லாம் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் பாஸ்டன் ரிவ்யூவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பாஸ்டன் ரிவ்யூ மருத்துவ இதழ் அல்ல. கவிதையும் கதையும் அரசியலும் வருகிற, நம் சிறுபத்திரிகைகள் மாதிரியான இதழ். அந்தக் கட்டுரையைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் சிலர் தங்கள் ஐசியூ பதிவேடுகளைப் புரட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது எத்தனை முறை என்று பார்த்தார்கள். வெள்ளையர்களில் 3.6 சதவீதம். கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இது வெளியானது. அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2022இல் வந்த இன்னொரு ஆய்வில் ஆசியர்களுக்கும் இந்தக் கூடுதல் காட்டல் இருப்பதும், இதனால் கோவிட் சிகிச்சைக்குத் தகுதியானவர்கள் என்று அடையாளம் காண்பதே தாமதப்பட்டதும் தெரியவந்தது.

இலக்கியக் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுத்தால் என்ன பயன் என்று நாம் அடிக்கடி அலுத்துக்கொள்கிறோம். மருத்துவ இதழ்களில் 30 வருடம் தூங்கிய உண்மையை ஒரு கட்டுரை எழுப்பிவிட்டது.

அந்த மாதங்களில் இங்கே வீட்டிலேயே இருக்கச் சொன்ன கோவிட் நோயாளிகளுக்கு இந்தக் கிளிப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். 95க்கு மேல் என்றால் வீட்டிலேயே இருங்கள், 93, 94 என்றால் போன் செய்யுங்கள், 92 என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஒரு மனிதர் வீட்டில் இருப்பதா ஆம்புலன்ஸில் ஏறுவதா என்பது மூன்று எண்களுக்குள். முதல் அலையில் இறந்துபோன என்ஹெச்எஸ் பணியாளர்களில் ஆசியர்களும் கறுப்பினத்தவரும் எண்ணிக்கைக்கு மிஞ்சி அதிகம். அதற்குப் பல காரணங்கள், இந்தக் கருவியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் ஓய்வறையில் நாங்கள், மலையாளிகள், பிலிப்பைன்ஸ்காரிகள், நான், எங்கள் விரலில் இதை மாட்டிப் பார்த்துக்கொண்டு, 97 என்று சிரித்துக்கொண்டு திரும்பவும் வார்டுக்குள் போனது ஞாபகம் வருகிறது.

சரி, யார் பொறுப்பு? அவோயாகியா?

அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது. அவர் கண்டுபிடித்துவிட்டு ஒதுங்கிப் போனவர் இல்லை. தன்னுடைய கருவி அட்டவணையை நம்பி ஓடுகிறது, சரியான தியரி கீழே இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்திருக்கிறது. உலகமே பாராட்டிய பிறகும் பல வருடம் அதையே நோண்டிக்கொண்டிருந்தார். 2007இல், எழுபது வயது தாண்டிய பிறகு, இரண்டு வெளிச்சம் போதாது, இன்னும் அதிக அலைநீளங்கள் வேண்டும் என்று கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். தான் பெற்ற பிள்ளையின் குறையைத் தானே சபையில் சொல்வது எத்தனை பேரால் முடியும்? 2020 ஏப்ரல் 18 அன்று டோக்கியோவில் இறந்தார், 84 வயது. உலகம் முழுக்க அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த வாரம். மிச்சிகன் ஆய்வு வர இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில், 1818இல் மேரி ஷெல்லி எழுதியதில், அந்த உருவம் கண்ணைத் திறந்த ராத்திரியே அதைச் செய்த விக்டர் அறையை விட்டு ஓடிவிடுகிறான். நாவலின் கேடெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும். பெற்றுப்போட்டுவிட்டு ஓடியவன். அவோயாகி ஓடவில்லை. ஓடியவர்கள் வேறு யாரோ. 1990இல் அந்த ஆய்வு வந்தபோது கருவியை விற்றுக்கொண்டிருந்த நிறுவனங்கள். இரண்டு பேர் போதும் என்று விதி எழுதியவர்கள். விதியில் இரண்டு என்றால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டாம் என்று நினைத்த பொறியாளர்கள். பெயர் சொல்லி ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. இப்படிப் பலர் கையில் பிரிந்துவிடுகிற பொறுப்பு, யார் கையிலும் கனமாக இருப்பதில்லை. கலாஷ்னிகோவுக்காவது கடிதம் எழுதத் தோன்றியது. இதற்கு யார் எழுதுவார்?

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது. வார்டில் இருப்பவளின் பேச்சைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது உதாரணம். தெராக் 25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம், கனடா அரசின் அணுசக்தி நிறுவனமான ஏஇசிஎல் செய்தது. பழைய மாடல்களில் அளவுக்கு மீறிக் கதிர் பாயாமல் தடுக்க இரும்பாலும் வயராலும் ஆன பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றில் பலவற்றை எடுத்துவிட்டு, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். 1985க்கும் 1987க்கும் நடுவில் 6 பேருக்குப் பயங்கரமான அளவு கதிர் பாய்ந்தது, சிலர் அதனாலேயே இறந்தார்கள்.

1986 மார்ச். டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரின் புற்றுநோய் மையம். இயந்திரத்தை இயக்கிய பெண் தட்டச்சில் கை பழகியவர், படபடவென்று அடிப்பவர். எக்ஸ்ரேக்கான எழுத்தைத் தவறுதலாக அடித்துவிட்டு, உடனே மேலே போய்த் திருத்தினார். எல்லாம் சில நொடிகளில். திரையில் 'கோளாறு 54' என்று வந்தது. கையேட்டில் அதற்கு உருப்படியான விளக்கம் இல்லை. உள்ளே படுத்திருந்தவருக்கு 180 ராடு போக வேண்டிய இடத்தில் 16,500 முதல் 25,000 ராடு வரை பாய்ந்திருக்கலாம் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்தார்கள், சோதித்தார்கள், கோளாறு 54 அவர்களுக்கு வரவே இல்லை. இந்த இயந்திரத்தில் அளவு மீறிப் பாய வழியே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏப்ரலில், மூன்று வாரத்துக்குள், அதே மையத்தில் அதே பெண்ணின் கையில் இன்னொரு நோயாளிக்கு அதே கோளாறு.

இந்த முறை அந்த மையத்தின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைக்கு என்ன செய்தீர்களோ அதை அப்படியே திரும்பச் செய்யுங்கள் என்றார். இருவருமாகத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். கோளாறு 54 வந்தது. வேகம்தான் காரணம். சுமார் எட்டு நொடிக்குள் திருத்தி முடித்தால், அந்தத் திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. நிறுவனத்தின் பொறியாளர்கள் நிதானமாக அடித்ததால் அவர்களுக்கு வரவில்லை. தினமும் அந்த வேலையைச் செய்கிறவளின் விரல் வேகம் அவர்களிடம் இல்லை.

இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். நம்மை யாராவது பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்களா என்று நர்ஸ்களிடம் கேட்டுப் பாருங்கள். கருவியை வாங்கும் கூட்டத்துக்கு நாங்கள் அழைக்கப்படுவது அபூர்வம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற பயிற்சிக்கு மட்டும் தவறாமல் அழைப்பு வரும், பிஸ்கட்டோடு.

இப்போது நிலைமை என்ன? பிரிட்டனில் அரசு ஒரு சுயாதீன ஆய்வுக் குழு அமைத்தது, மார்கரெட் வைட்ஹெட் தலைமையில். 2024 மார்ச்சில் அறிக்கை வந்தது. கறுத்த தோலில் இந்தக் கருவி சரியாக வேலை செய்வதில்லை என்பதை அது மழுப்பாமல் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் எஃப்டிஏ 2025 ஜனவரியில் ஒரு வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது. 10 பேருக்குப் பதிலாக 150 பேரோ அதற்கு மேலோ, எல்லா நிறத்தவரும் போதிய அளவில், நிறத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லாமல் அளவுகோல் வைத்து அளந்து. வரைவுதான். சந்தையில் ஏற்கெனவே இருப்பவை அப்படியே இருக்கின்றன. உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் 2021இல் வாங்கிப் போட்டது பழைய அட்டவணையோடுதான் இருக்கிறது.

வைட்ஹெட் குழு செயற்கை நுண்ணறிவில் இயங்கும் மருத்துவக் கருவிகளையும் சேர்த்தே பார்த்தது. தோலில் இருக்கும் மச்சம் புற்றா இல்லையா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் மென்பொருள்கள் வருகின்றன. எந்தத் தோலின் படங்களைக் காட்டி அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டிய வேளை இது. உங்களில் பலர், உங்கள் பிள்ளைகளில் பலர், ஐடியில் இருக்கிறீர்கள். சோதனைக்கு யாரை எடுத்தீர்கள் என்று கேட்கிற அந்தக் கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கக்கூடும். நான் உட்கார முடியாது.

அரட்டைப் பெட்டியில் ஒருவர், "அப்படியானால் கருவியைத் தூக்கிப் போட்டுவிடலாமா சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். ஒரு தடவை காட்டுகிற எண்ணைவிட, அது எப்படி மாறுகிறது என்பதைப் பாருங்கள். நன்றாக இருக்கும்போது உங்கள் எண் என்ன என்று எழுதி வையுங்கள். எப்போதும் 98 இருப்பவருக்கு 94 வந்தால், 94 பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கை சூடாக இருக்கட்டும், நகப்பூச்சு வேண்டாம், அசையாமல் உட்காருங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால் மூச்சையே நம்புங்கள். இங்கே டாக்டரிடம் போகும்போது, "என் தோல் நிறத்துக்கு இது கூட்டிக் காட்டலாமாமே" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வயதான அப்பா அம்மாவோடு போனால் அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு இன்னும் மூன்று மணி நேரத்தில் ட்யூட்டி. கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம். முதலில் சிட்னிக்காரர்கள் கேட்கட்டும், அவர்கள் போய்த் தூங்கட்டும்.